ஓடைக்குறிச்சி ஜமீனின் மூன்றாவது பிடி மண்

திருமங்கலம் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், 1936-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ம் தேதி திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு, போலீஸ்காரர் எவரும் அறையில் இல்லாத சமயத்தில், தங்கப்பொண்ணு என்பவள் தானாக ஆஜராகிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் தங்கப்பொண்ணு. வயது நாற்பத்தேழு இருக்கும். கணவர் பெயர் முத்திருளன். மதுரை ஜில்லா, திருமங்கலம் தாலுகா, ஓடைக்குறிச்சி ஜமீன் கிராமம், நாச்சிகரைத் தெருவில் குடியிருக்கிறேன். தொழில் விவசாயம். எழுதப் படிக்கத் தெரியாது.

குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் அதுவே எனக்கு எதிராக வரும் என்று மாஜிஸ்திரேட் அவர்கள் இரண்டு தடவை சொன்னார்கள். எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவும் இல்லை. பதினோரு மைல் நடந்து வந்தேன். யோசித்துப் பார்க்கும்படி அரைமணி நேரம் கொடுத்து வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். யோசிக்க ஒன்றும் இல்லாததால் காலில் தைத்திருந்த முள்ளை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன்.

சென்ற புதன்கிழமை ஓடைக்குறிச்சி அரண்மனை வாசலில் நடந்த கலகத்தைப் பற்றி நல்லகாமன் அவர்கள் போலீசில் ஒரு பிராது கொடுத்திருக்கிறார். அதில் என்னைத் தன் பக்கத்துச் சாட்சியாக, நாலாவது சாட்சியாக, எழுதியிருக்கிறார். அது தப்பு. நான் சாட்சி இல்லை. குற்றம் செய்ததாகச் சொல்லுகிற எதிரிகள் வரிசையில் என் பெயரை முதலில் எழுத வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் ஜமீன் வழக்கம் கோர்ட்டாருக்குத் தெரிந்திருக்காது என்பதால் முதலில் அதைச் சொல்லுகிறேன். ஓடைக்குறிச்சியில் மூன்று கண்மாய்கள். மூன்றுக்கும் மூன்று வீடு பொறுப்பு. பெரிய கண்மாய்க்குப் பெரியகரை வீடு, மேலக் கண்மாய்க்கு மேலக்கரை வீடு, நாச்சி கண்மாய்க்கு நாச்சிகரை வீடாகிய எங்கள் வீடு. முன்காலத்தில் ஜமீனுக்காகச் சண்டைக்கு ஆள் அனுப்பியதும் இந்த மூன்று வீடுகள்தான் என்று சொல்வார்கள். ஒரு ஜமீன்தார் காலமாகி அடுத்தவர் தலைப்பாகை கட்டும்போது மூன்று வீட்டாரும் அவரவர் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி வந்து, அவர் ஏந்துகிற தாம்பாளத்தில் போட வேண்டும். மூன்று பிடியும் விழுந்தால் மூன்று வீடும் அவர் பக்கம் என்று அர்த்தம். மூன்றாவது பிடி விழுந்ததும் பெண்கள் குலவை போடுவார்கள். குலவை கேட்ட பிறகுதான் தலைப்பாகை பெட்டியைவிட்டு வெளியே வரும். ஒரு பிடி குறைந்தாலும் வராது.

பெரிய கண்மாய் மண் கரிசல். மேலக் கண்மாய் மண் செவல். நாச்சி கண்மாய் மண் வண்டல், சாம்பல் நிறத்தில் மாவு போல இருக்கும். எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைகூட வாயில் போட்டுப் பார்த்து எந்தக் கண்மாய் மண் என்று சொல்லிவிடும். மற்ற இரண்டு வீட்டிலும் ஆண்கள் அள்ளுவார்கள். எங்கள் வீடு ஜமீன் மகள் ஒருத்தியின் வழியில் வந்ததால் எங்கள் வீட்டில் மூத்த மருமகள்தான் அள்ள வேண்டும். அந்த மருமகள் நான்.

ஜமீன்தார் வீரண பாண்டியர் இந்த வருஷம் வைகாசி மாதத்தில் இளைப்பு நோயால் காலமானார். அவருடைய மூத்த மனைவி பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் பாண்டியம்மாளைக் கட்டினார். சின்ன ராணி என்று நாங்கள் சொல்லுவது அவரைத்தான். வயது இருபத்திரண்டு. ஜமீன்தார் காலமானபோது சின்ன ராணிக்கு மூன்று மாதம். காலமாவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜமீன்தார் மூன்று வீட்டாரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, விளக்கை ஏற்றச் சொல்லி, "பொறக்குறது ஆணா இருந்தா தலைப்பாகை அவனுக்கு. பொண்ணா இருந்தா நல்லகாமனுக்கு. பொறக்குற வரைக்கும் பெட்டிய ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொன்னார். பெரியகரை விருமாண்டி அண்ணனும், மேலக்கரை கருத்தக்கண்ணன் அண்ணனும், நானும் விளக்கின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். விருமாண்டி அண்ணன் அழுதார். நான் அழவில்லை. சத்தியம் செய்யும்போது அழுதால் வார்த்தை பாதியில் நின்றுவிடும்.

நல்லகாமன் அவர்கள் ஜமீன்தாருடைய தம்பி மகன். ஏழு வயதில் மதுரைக்குப் படிக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டார். கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் பங்களா இருக்கிறது. ஊரில் அவருக்கு மதுரைத் துரை என்று பெயர். திருவிழாவுக்கு வருவார். வந்தாலும் மோட்டாரைவிட்டு இறங்கி வரப்பில் நடந்து நான் பார்த்ததில்லை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர். கார்த்திகையில் பிள்ளை பிறக்கும் வரை பொறுத்திருந்தால், பெண்ணானால் தலைப்பாகை அவருக்கே கிடைத்திருக்கும். ஆனால் பழைய வழக்கப்படி தலைப்பாகையைக் கட்டிவிட்டால் கலெக்டர் ஆபீசில் அவர் பெயர் ஏறிவிடும் என்றும், பிறகு பிறக்கிற பிள்ளை வளர்ந்து ஆளாகி வழக்குப் போட்டு முட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் அவருடைய வக்கீல் ஹாலாஸ்யம் ஐயர் யோசனை சொன்னதாகக் கேள்வி.

அதன் பிறகு ஆனி மாதத்தில் நல்லகாமன் அவர்களின் மோட்டார் பெரியகரை வீட்டு வாசலில் ஒரு பகல் முழுவதும் நின்றது. பெரிய கண்மாயில் மீன் பிடித்து விற்கிற மீன்பாசி உரிமையை விருமாண்டி அண்ணனுக்கே விட்டுத் தருவதாகப் பேச்சு. மறுநாளிலிருந்து விருமாண்டி அண்ணன் என்னை எதிரில் கண்டால் வேறு வரப்பில் திரும்பிப் போனார்.

கருத்தக்கண்ணன் அண்ணனுக்கும் விருமாண்டி அண்ணனுக்கும் கோயில் முதல் மாலை யாருக்கு என்பதில் இருபது வருஷமாக ஆகாது. ஆகையால் அவர் அந்தப் பக்கம் என்றதும் இவர் அரண்மனைக்கு ஓடி, சின்ன ராணியிடம், "உசுரு இருக்குற வரைக்கும் நான் உங்க பக்கந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். இனிமேல் முதல் மாலை மேலக்கரை வீட்டுக்கே என்று மதுரையிலிருந்து சொல்லியனுப்பியதும், பன்னிரண்டாம் நாள் அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். உயிரோடுதான் இருந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டு முறை வந்தது. நாச்சி கண்மாய் மானியமாக எங்களுக்கு உள்ள நிலத்தைத் தலைப்பாகை கட்டியதும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று என் கணவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "ரெண்டு வீடும் போயாச்சு. நாம மட்டும் நின்னு என்னத்தக் காணப்போறோம்?" என்றார். நான், "சத்தியம் பண்ணுனது என் கை" என்றேன். அவர், "இம்புட்டு வீம்பு புடிச்சா நீ அள்ள வேணாம். ஒச்சாயி அள்ளட்டும். மூத்தவளுக்கு முடியாமப் போனா அடுத்தவ அள்ளலாம்ல" என்றார். வழக்கம் அப்படி இருப்பது உண்மைதான். ஒச்சாயி என் கொழுந்தன் பெண்சாதி. நல்ல பெண், ஆனால் பயந்தவள். அள்ளச் சொன்னால் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மாட்டேன் என்று நின்றால் நாச்சி கண்மாயின் நல்ல மண் ஒச்சாயி கையால் போய்ச் சேர்ந்துவிடும். நானே ஒப்புக்கொண்டால்தான் அதைத் தடுக்க முடியும். ஆகையால், "சரி, நானே அள்ளுறேன்" என்றேன். என் கணவர் அன்று வயிறாரச் சாப்பிட்டார். அவரை ஏமாற்றியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆன இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான்.

புதன்கிழமை முகூர்த்தம் குறித்தார்கள். திங்கட்கிழமை பகலில் நான் அரண்மனைக்குப் போனேன். எட்டுப் பேர் வேலை செய்த சமையற்கட்டில் ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்கள் யார் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்துப் போய்விட்டார்கள். சின்ன ராணி என்னைப் பார்த்து, "மதினி, நீங்களும் அங்கிட்டா?" என்று கேட்டார். நான், "ஆமா ஆத்தா. புதன்கிழமை நாந்தேன் அள்ளப்போறேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால், பிற்பாடு ராணிதான் தூண்டிவிட்டார் என்று அவர் தலையில் கட்டுவார்கள். அவர் கோபப்படவில்லை. "அண்ணனையும் பிள்ளைகளையும் பாக்கணும்ல, நீங்க என்ன செய்வீக" என்று சொல்லிவிட்டுத் தன் கையால் எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். அந்த மோரைக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் குடித்தேன். நான் எழுந்திருக்கும்போது, "தலைப்பாகை கட்டுன மறுநா என்னைய எங்கிட்டுப் போகச் சொல்லுவாக மதினி? உங்களுக்கு எதும் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. திருப்பரங்குன்றத்தில் ஒரு தமையன் இருக்கிறார். அவர் வைகாசிக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்த காரியத்துக்குச் சத்தியம் பாதிக் காரணம் என்றால் இந்தக் கேள்வி மீதிக் காரணம்.

சின்ன ராணிக்கு இதில் எதுவும் தெரியாது. இதை இரண்டு தடவை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். சின்ன ராணிக்கு இதில் எதுவும் தெரியாது.

புதன்கிழமை விடிகாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு, புதுக் கலயத்தை எடுத்துக்கொண்டு நாச்சி கண்மாய்க்குப் போனேன். நல்லகாமன் அவர்களின் ஆட்கள் இரண்டு பேர் கரைமேல் நின்று நான் அள்ளுவதைப் பார்த்தார்கள். கண்மாய் வற்றி, வண்டல் வெடித்துக் கிடந்தது. ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டு வாழை இலையால் மூடினேன். மண் சுமந்து வருகிற பெண்ணுக்குப் பின்னால் ஆண்கள் வரக்கூடாது என்பது வழக்கம். அவர்கள் ரோட்டைச் சுற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போனார்கள். அந்த மட்டில் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார்கள்.

அதன் பிறகு நான் கருவேலங்காட்டு வழியாக வந்தேன். அங்கே ஒரு களர்த் திட்டு இருக்கிறது. வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த மண்ணுக்கு உவர்மண் என்று பெயர். துணி வெளுக்கிறவர்கள் அழுக்கு எடுக்க அதை அள்ளிக்கொண்டு போவார்கள். மற்றபடி அதில் அருகம்புல்கூட முளைக்காது. கலயத்தில் இருந்த வண்டலைச் சேலைத் தலைப்பில் கொட்டி முடிந்துகொண்டேன். கலயத்தைத் துடைத்துவிட்டு உவர்மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டு, அதே இலையால் மூடினேன். தெரிந்தேதான் செய்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அரண்மனை வாசலில் ஐந்நூறு அறுநூறு பேர் இருந்தார்கள். என் கணவர் நல்லகாமன் அவர்களின் ஆட்களோடு பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றார். மதுரையிலிருந்து வந்த கோட்டுப் போட்ட காரியஸ்தர் ஒருவர் மூன்று வீட்டு மண்ணையும் சோதித்தார். தேள், பாம்புக்குட்டி ஏதாவது போட்டிருப்போமோ என்று சந்தேகம். என் கலயத்தை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பவுடர் மாதிரி சுத்தமான மண்" என்று சொல்லி விட்டுவிட்டார். எங்கள் ஊர் ஆள் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே என்னைப் பிடித்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆள் யாரையும் நல்லகாமன் அவர்கள் நம்பவில்லை. வாக்கு மாறி வந்தவர்களை வைத்துக்கொண்டு அவர் யாரை நம்புவார், பாவம்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வழக்கப்படி ஒவ்வொரு பிடியும் விழ விழ, தலைப்பாகை கட்டுகிறவர் கையால் கலக்கிவிடுவார். கலந்துவிட்டால் உவர் வெளியே தெரியாமல் போய்விடும். ஆனால் வக்கீல் யோசனைப்படி படம் பிடிக்கிறவர் ஒருவரை மதுரையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். மூன்று கால் பெட்டியை நிறுத்திவிட்டு அவர், "மூணு குவியலும் தனித்தனியா தெரியணும், தயவுசெஞ்சு யாரும் கலக்காதீங்க" என்று சொன்னார். அந்தப் புண்ணியவான் யார் பெற்ற பிள்ளையோ தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

நல்லகாமன் அவர்கள் பட்டு வேஷ்டி கட்டி, பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். முதலில் விருமாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கரிசலைப் போட்டார். அடுத்து கருத்தக்கண்ணன் அண்ணன் எல்லாரையும் பார்த்துக்கொண்டு செவலைப் போட்டார். அதன் பிறகு நான் இலையை எடுத்துவிட்டு உவர்மண்ணைப் போட்டேன். படக்காரர் தாம்பாளத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்து, அசையாமல் பிடிக்கச் சொன்னார். நல்லகாமன் அவர்களும் அப்படியே பிடித்தார். கறுப்பு, சிவப்பு, பக்கத்தில் வெள்ளை.

குலவை போட நாற்பது பெண்கள் முன்னால் நின்றார்கள். ஒருத்தியும் நாக்கை அசைக்கவில்லை. படம் பிடித்து முடிந்தது. நல்லகாமன் அவர்கள் சிரித்த முகத்தோடு, "ஏன் குலவை போடலை? போடச் சொல்லுங்க" என்றார். அப்போது பின்னாலிருந்து வெளுக்கிற பால்பாண்டி, "அட, இது நம்ம உவராச்சே!" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த மண்ணைத் தினம் தொடுகிறவர், வாய் தவறி வந்துவிட்டது.

விருமாண்டி அண்ணன் கிட்டத்தில் வந்து தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன மண்ணு தாயி இது?" என்று கேட்டார். ஆனி மாதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான். நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "முளைக்காத மண்ணுண்ணே. புள்ள பொறக்கட்டும், முளைக்கிற மண்ணத் தாரேன்" என்று சொன்னேன்.

விருமாண்டி அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நான் போட்டதை நானே எடுத்துக்கிறேன்" என்று தாம்பாளத்தில் கையை நீட்டினார். காரியஸ்தர் தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நல்லகாமன் அவர்களின் ஆள் ஒருவன் விருமாண்டி அண்ணனின் கையில் கம்பால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதைப் பார்த்ததும், இருபது வருஷம் அவரோடு பேசாத கருத்தக்கண்ணன் அண்ணன் பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கலகம் அப்படித்தான் ஆரம்பமானது. முதல் அடி அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது. நான் நாலு முழ தூரத்தில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு இரண்டு பேர் என்னை நோக்கி வந்தார்கள். என் கணவர் அவர்களுடைய கூட்டத்திலேதான் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து குறுக்கே வந்து எனக்கு முன்னால் நின்றார். எனக்கு விழுந்திருக்க வேண்டிய அடி அவர் தலையில் விழுந்தது. என் மடியில் சாய்த்துக்கொண்டேன். ரத்தம் கண்ணை மறைக்க, "வண்டல் எங்கடி?" என்று கேட்டார். தலைப்பு முடிச்சைத் தொட்டுக் காட்டினேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்று சொன்னார். அவர் இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சனிக்கிழமை கஞ்சி குடித்தார் என்று சொல்லியனுப்பினார்கள்.

கலகத்துக்குப் பிறகு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தலைப்பாகை கட்டிக்கொண்டதாகச் சொல்லுகிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன். குலவை கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலையில் ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிராதில் விருமாண்டி அண்ணன், கருத்தக்கண்ணன் அண்ணன் முதலிய இருபத்தொரு பேரை எதிரிகளாக எழுதியிருப்பதாகவும், முறைப்படி நடந்த சடங்கைக் கெடுக்கச் சின்ன ராணி தூண்டிவிட்டதாக எழுதியிருப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு படத்தைக் காட்டி, "மண்ணு போட்டுட்டுப் பக்கத்துல நிக்கிறது நீதானே?" என்று கேட்டார். நான்தான். படத்தில் நல்லகாமன் அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தாம்பாளத்தில் மூன்று குவியல் இருக்கிறது. ஆனால் படத்தில் நிறம் இல்லை. இரண்டு கறுப்பாகவும் ஒன்று வெளிறியும் தெரிகிறது. வெளிறியது உவரா வண்டலா என்று அதில் பிரிக்க எவராலும் முடியாது. ஊரில் அத்தனை பேர் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் காகிதத்துக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நான் கொடுத்த களர் மண், கோர்ட்டில் நாச்சி கண்மாய் வண்டல் ஆகிவிடும். நான் காப்பாற்றிய வாக்கை நானே விற்றதாக ஆகிவிடும். மற்றவர்கள் சொல்லலாமே என்றால், உண்மையைச் சொல்லத் துணிந்தவர்கள் எல்லாரும் எதிரிகள் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு எடுபடாது. பால்பாண்டி விளாங்குடியில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சப் பேருக்கு மேய்ச்சலும் தண்ணீரும் ஜமீனில் இருக்கிறது, அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். மானிய நிலத்துக்குப் பயந்து ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ, மண் போட்ட மூன்று பேரில் நான் ஒருத்திதான் நல்லகாமன் அவர்களின் சொந்தச் சாட்சி. என் வாயிலிருந்து வந்தால் அவர் மறுக்க முடியாது. ஏட்டையா என்னிடம், "சாட்சின்னா உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. கேட்டதுக்கு ஆமான்னு சொல்லிட்டுப் போயிரு" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். நான், "திங்கக்கிழமை கோர்ட்டுல வந்து சொல்லுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மண்ணை மாற்றிக் கொடுத்தது ஏமாற்று என்றால், ஏமாற்றினேன். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுக்கவும். விருமாண்டி அண்ணனுக்கும் கருத்தக்கண்ணன் அண்ணனுக்கும் அது முன்கூட்டித் தெரியாது. அவர்களும் வாக்கு மாறியவர்கள்தான், அதை ஊரில் வைத்து நானே தட்டிக் கேட்பேன். கார்த்திகையில் சின்ன ராணிக்குப் பெண் பிறந்தால், நல்லகாமன் அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நானே வண்டலைக் கொண்டுபோய் அவர் தாம்பாளத்தில் போடுவேன். நான் ஜெயிலில் இருந்தால் ஒச்சாயி போடுவாள். அதையும் எழுதிக்கொள்ளவும். அவர்மேல் எனக்குப் பகை இல்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் கட்டக்கூடாது என்பதுதான் பேச்சு.

நான் சொல்வதற்கு என்ன அத்தாட்சி என்று மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டார்கள். அத்தாட்சி நல்லகாமன் அவர்களிடமே இருக்கிறது. மூன்று மண்ணும் அப்படியே இருக்க, தாம்பாளத்தைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்து, தன் உரிமைக்குச் சாட்சியாக வக்கீல் ஹாலாஸ்யம் ஐயரிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருப்பதாக அவரே பிராதில் எழுதியிருப்பதாக ஏட்டையா சொன்னார். மண்ணுக்கு மண் வித்தியாசம் கோர்ட்டாருக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். அந்தத் தாம்பாளத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவும். நிறத்தைப் பார்த்தும் கோர்ட்டாருக்குச் சந்தேகம் இருந்தால் இன்னொன்று செய்யலாம். என் மடியில் மூன்று சோள விதை கொண்டுவந்திருக்கிறேன். இந்த வருஷம் விதைப்புக்கு எடுத்து வைத்ததில் பொறுக்கியது. மூன்று குவியலிலும் ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு வேளை தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் கோர்ட்டாரே வைத்துப் பார்க்கட்டும். மூன்றாவதில் முளைத்தால் நான் பொய்க்காரி, அவர் ஜமீன்தார்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை.

தங்கப்பொண்ணு, இடது கைப் பெருவிரல் ரேகை.

மேற்படி தங்கப்பொண்ணு சுய நினைவோடும் சொந்த மனதோடும் சொன்னதாக நம்பி, என் முன்பாக எழுதிக்கொள்ளப்பட்டது. முதலில் வைத்த ரேகை விரலில் மண் இருந்தபடியால் தெளிவாக விழவில்லை. துடைத்து இரண்டாவது தடவை வாங்கப்பட்டது. சோள விதை மூன்று உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டது. முத்திரை கலையாமல் தாம்பாளத்தை ஆஜர் செய்யும்படி பிராதுதாரருக்கு நோட்டீஸ் உத்தரவாயிற்று. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மண்ணில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மீதியைக் கோர்ட்டில் ஒப்படைக்க அவள் சம்மதிக்கவில்லை. அது பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று சொன்னபடியால் அவள் வசமே விடப்பட்டது.

சப் மாஜிஸ்திரேட்
31-8-1936